ஏழு பெயர்களும் ஆறு பட்டங்களும்

கடம்பவாடி அரசவைக்குக் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. கதையில் குதிரை பறக்கும்போது கம்ப்யூட்டர் வரக்கூடாதா?

அதை இயக்கியவன் அரசவைப் புள்ளிவிவரக்காரன் கூத்தபிரான். நாட்டிலுள்ள நாலாயிரம் ஊர்ப் பெயர்களுக்கும் முன்னால் 'திரு' சேர்க்க வேண்டும் என்று அரசர் ஒருமுறை ஆசைப்பட்டார். கூத்தபிரான் ஒரே ஒரு வரி எழுதினான். நாலாயிரம் பெயரிலும் தனித்தனியாகத் 'திரு' போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அரசர் பிறந்தநாள் வந்தது. அன்று பட்டங்கள் சூட்டுவது வழக்கம். முரசு அறைந்து படித்த பட்டம் ஒரு வருஷத்துக்கு மாறாது. அரசராலும் மாற்ற முடியாது.

ஏழு பேர் பட்டியல். கையால் எழுதினால் வெற்றிலை மெல்லும் நேரம்தான். ஆனால் கூத்தபிரான் கையால் எழுதுகிற ஆளா?

"பெயர்கள் ஒரு வரிசை, பட்டங்கள் ஒரு வரிசை. ஒரே கட்டளையில் ஒன்றுக்கொன்று ஒட்டிவிடும், அரசே!"

"பிழை வந்தால்?" என்றார் படை நடத்தும் தளவாய் மாறப்பர். அவருக்குக் கூத்தபிரானைக் கண்டாலே ஆகாது.

"வந்தால் என்னை நாடு கடத்துங்கள்!"

"அரசே, கேட்டுக்கொண்டீர்களா?" என்றார் தளவாய்.

"கேட்டேன். அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

பெயர்கள் ஏறின. அடுத்து அரசர் பட்டங்களைச் சொல்லச் சொல்ல, கூத்தபிரான் தட்டிக்கொண்டே வந்தான். முதலில் தமக்கே 'மூவுலகும் ஆளும் முடிமன்னர்' என்றார். இரண்டாவது ஆஸ்தானப் புலவர்.

"இவருக்கு ஒன்றும் தோன்றவில்லையே. விடு, அடுத்த ஆள்."

கூத்தபிரான் விட்டுவிட்டான். அந்த இடத்தைக் காலியாகவாவது வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கடைசியில் தனக்கு 'பிழை அறியாப் பேரறிஞன்' என்று கெஞ்சி வாங்கிக்கொண்டான்.

கட்டளை கொடுத்தான். கம்ப்யூட்டர் முனகக்கூட இல்லை. தாள் வந்தது. திருப்பிப் பார்க்காமல் கட்டியக்காரரிடம் நீட்டினான்.

முரசு முழங்கியது. அரசர் பட்டம் சரியாக வந்தது.

"ஆஸ்தானப் புலவர், களம் கண்ட சிங்கம்!"

பல்லியைக் கண்டால் மேசைமேல் ஏறும் புலவர் நெஞ்சை நிமிர்த்தினார். சபை விழித்தது.

"தளவாய் மாறப்பர், ரசச் சக்கரவர்த்தி!"

"என்னது?" என்று தளவாய் வாளில் கை வைத்தார்.

"சமையல்காரர் நாகப்பர், தொட்டால் பிணி தீரும் கைராசிக்காரர்! அரண்மனை வைத்தியர், ஒரே வெட்டில் வேலை முடிப்பவர்!"

வைத்தியரிடம் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் மெதுவாக எழுந்து வெளியே போனார்கள்.

"தையற்காரர் சடையன், பிழை அறியாப் பேரறிஞன்!"

கூத்தபிரான் விரல்விட்டு எண்ணினான். ஏழு பெயர், ஆறு பட்டம். புலவரிடமிருந்து எல்லாமே ஒரு இடம் நழுவியிருக்கிறது. ஆறும் தீர்ந்ததும் இந்தப் பாவி இயந்திரம் மறுபடி முதலிலிருந்தல்லவா எடுத்துக் கொடுக்கும்! அப்படியானால் ஏழாவது ஆளுக்கு...

"புள்ளிவிவரக்காரன் கூத்தபிரான், மூவுலகும் ஆளும் முடிமன்னர்!"

முரசு அறைந்தாகிவிட்டது.

"ராஜத்துரோகம்!" என்று கத்தினார் தளவாய். "அரசே, இவனை இன்றே நாடு கடத்துங்கள். அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டது!"

அரசர் முகம் சிவந்தது. "என்ன சொல்கிறாய்?" என்று கூத்தபிரானிடம் கேட்டார்.

"தளவாய் சொல்வது நியாயம், அரசே. கூத்தபிரான் ஒரு மடையன். ஏழையும் ஆறையும் எண்ணத் தெரியாத புள்ளிவிவரக்காரன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். கடத்தத்தான் வேண்டும். ஆனால் எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்? முரசறைந்த பட்டப்படி மூன்று உலகமும் இந்த மடையன் நாடு. எங்கே விட்டாலும் என் நாட்டுக்குள்தானே நிற்பேன்?"

அரசர் தளவாயைப் பார்த்தார். தளவாய் கூரையைப் பார்த்தார். அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம் சால்வையை எடுத்துக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார்.

"இந்த வருஷம் நானும் உன் குடிதான். சொல், என்ன கட்டளை, மன்னா?"

கூத்தபிரான் கைகூப்பினான்.

"புலவருக்கு இப்போதே ஒரு பட்டம் யோசித்து வையுங்கள், அரசே. இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் மூன்று உலகத்தையும் நானே கட்டி அழ வேண்டியிருக்கும்!"