ஒற்றைக் கொடுக்கின் கெத்து

நண்டும் கொக்கும் நேருக்கு நேர் நின்று பேரம் பேசிய அந்தக் காலத்தில், கழிமுகத்துச் சேற்று நண்டுகளுக்கு இரண்டு கொடுக்கும் ஒரே அளவுதான். அவற்றின் பேச்சில் ஒரு சொல் இருந்தது: கெத்து. தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது செல்லாது. அடுத்தவர் வாயிலிருந்து வரவேண்டும்.

கடுக்கன் என்ற நண்டு, ஒதுங்க ஒரு வளைகூட இல்லாமல் வளர்ந்தவன். அலையில் அடிபட்டு, பேசிப் பேசியே மேட்டு வளையைப் பிடித்தவன். மூக்கு இல்லாவிட்டாலும் கோபம் மட்டும் மூக்கு நுனியில். "கெத்துடா கடுக்கா!" என்று ஊரே சொன்னது. அவன் ஒருவருக்கும் திருப்பிச் சொன்னதில்லை. கொடுத்தால் தன்னுடையது குறைந்துவிடும் என்ற நினைப்பு.

பக்கத்து வளைக்காரி செவ்வந்தியோடு தினமும் சண்டை.

"ஏம்மா, உன் சேறு என் வாசல்ல விழுது!"

"விழுந்தா எடுத்துத் தின்னு. நல்ல சேறுதான்."

ஒருநாள் காலை கொக்கு வந்து இறங்கியது. எல்லா நண்டும் வளைக்குள் ஓட, கடுக்கன் மட்டும் எதிரே போய் நின்றான்.

"மீன் இருக்கிற இடத்தை நான் காட்டறேன். நீ நண்டு மேல வாய் வைக்கக் கூடாது."

"காது சரியா கேக்கல அண்ணே, கிட்ட வா."

போனான். கொக்கு அவன் இடது கொடுக்கைக் கவ்வியது. செவ்வந்தி பாய்ந்து வந்து அவன் பின்காலைப் பிடித்து இழுத்தாள்.

"கொடுக்கை விட்டுத்தொலைய்யா! உயிர் இருந்தா முளைக்கும்!"

விட்டான். இருவரும் வளைக்குள் உருண்டார்கள். கொக்கு கொடுக்கோடு பறந்தது.

ஒளிந்திருந்தவர்கள் மெல்ல எட்டிப் பார்த்தார்கள். "கொக்கையே விரட்டிட்டான்! கெத்துன்னா கடுக்கன்தான்!"

கேட்க இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கழிமுகம் முழுக்க அவன் பேர்தான். செவ்வந்தி இடிந்த வாசலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த இழுபறியில் அவளுக்கு ஒரு கால் போயிருந்தது. அதைப் பார்த்ததும் கடுக்கனுக்குத் தன்மேலேயே கோபம் பொங்கியது.

"நிறுத்துங்கடா! ஒளிஞ்சவனுங்களுக்கு என்ன தெரியும்? என்னை இழுத்துக் காப்பாத்தினது இவ. கெத்து இவளோடது!"

மிச்சமிருந்த வலது கொடுக்கை அவளை நோக்கி உயர்த்தினான். உயர்த்திய கொடுக்கு வளர்ந்தது. வளர்ந்துகொண்டே போய் அவன் உடம்பளவு ஆனது.

"குறையும்னுல்ல நினைச்சேன்!" என்று வாய் பிளந்தான்.

"முதல்ல அதைக் கீழ இறக்கு, வெளிச்சத்தை மறைக்குது," என்று செவ்வந்தி சிரித்தாள்.

போன இடது கொடுக்கு பிறகு முளைத்தது, பழைய சின்ன அளவிலேயே. அன்று முதல்தான் அந்தச் சேற்றில் ஆண் நண்டுகளுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. நீர் வற்றியதும் வாசலில் நின்று, பக்கத்து வளையைப் பார்த்து அதை உயர்த்தி உயர்த்தி இறக்குகின்றன.