உதட்டோடு நின்ற இனிப்பு

ஆவுடையப்பரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அவர் வீட்டுக் கட்டிலில். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கண் மட்டும் பழைய கண்.

"கோமு வரலையா, பேச்சிமுத்து?" என்றார்.

"அவ போயி மூணு மாசம் ஆச்சு, அய்யா."

"எனக்கு முந்தியா? வரிசை தெரியாதவ" என்றார்.

அடுத்த வாரம் அவரும் போய்விட்டார். அரண்மனையில் சம்பிரதியாக இருந்தவர். ராஜாவுக்கு வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாம் அவர் கையெழுத்துத்தான். என் மனைவி கோமு இந்த ஊரிலேயே வாழ்ந்து இந்த ஊரிலேயே கண்ணை மூடினாள் என்றால், அது அவர் வாயால் நடந்தது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் வேங்கையப்ப ராஜாவுக்குத் தை மாதம் வந்தால் உதடு வெடிக்கும். மலைக்காற்று அப்படி. போதாக்குறைக்கு, அவர் பின்னால் நின்று விசிறி வீசுவது என் வேலை. குளிரானாலும் வீச வேண்டும். வீசாவிட்டால் ராஜா மாதிரி இருக்காது. உதடு காய்ந்ததில் என் கைக்கும் பங்கு உண்டு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ராஜா மகளுக்குச் சம்பந்தம் பேச வெளியூர் ஆட்கள் வருவதாக இருந்தது. ராஜா சிரித்து வரவேற்க வேண்டும். சிரித்தால் ரத்தம் வரும். அரண்மனை வைத்தியர் நீலமேகப் பண்டிதர் கொடுத்த எண்ணெய் எதுவும் கேட்கவில்லை. கோமு தேன்மெழுகை நெய்யில் உருக்கிச் சிமிழில் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டே நாளில் வெடிப்பு மூடிற்று. பண்டிதர் முகம் சுருங்கிற்று.

அதோடு விட்டிருக்கலாம். ராஜாவுக்கு நாக்கு சும்மா இருக்காது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மெழுகுவத்தியைக் கடிச்ச மாதிரி இருக்கு. இனிப்பா ஏதாவது சேரு" என்றார்.

கோமு தேன் சேர்த்தாள். ராஜா பூசினார், நக்கினார், மறுபடி பூசினார். மத்தியானத்துக்குள் சிமிழ் காலி. உதடு முன்னைவிட மோசமாக வெடித்தது. பனங்கற்கண்டைப் பொடித்துப் போட்டாள். நெய்யில் அது கரையாமல் நறநறவென்று உதட்டைக் கீறியது. வெல்லப்பாகு விட்டாள். அன்று சபையில் ஒரு வாய்க்கால் வழக்கு. வாதம் மும்முரமாக நடக்கும்போது ராஜாவின் மீசை வழியாக எறும்புகள் வரிசையாக இறங்கின. யாரும் சிரிக்கவில்லை. அது எவ்வளவு சிரமமான காரியம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மகாராஜா, இது மருந்தில்லை, செய்வினை" என்றார் பண்டிதர்.

ராஜா கோமுவை வரவழைத்தார். எறும்பைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்தா பாரு. இனிப்பு உதட்டோட நிக்கணும். நாக்குக்குப் போகக் கூடாது. நாளைக் காலையில அப்படி ஒண்ணு கொண்டு வா. இல்லைன்னா புருஷனைக் கூட்டிக்கிட்டு ஊரைவிட்டுப் போயிரு."

கோமு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள். எங்கள் இருவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது. கட்டுவதை நிறுத்தச் சொல்லி அவளை ஆவுடையப்பரிடம் கூட்டிப்போனேன். போய் நின்றேனே தவிர, எனக்கு வாய் வரவில்லை.

"பேருல மட்டும் பேச்சை வச்சிருக்கே. நீ சொல்லு, கோமு" என்றார்.

கோமு சொன்னாள். "உதட்டோட நிக்கிற இனிப்பு எந்தக் கடையில கிடைக்கும், அய்யா?"

"கடைக்கு ஏன் போறே? அரண்மனையில குவிஞ்சு கிடக்கு. உன் வீட்டுல நிலவேம்பு இருக்கா?"

"அது கசக்குமே!"

"கசக்கணும். நெய்யோட சேர்த்து நல்லா வத்தக் காய்ச்சி, மெழுகுல கல. இனிப்பை நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் சபையில் கோமு சிமிழை வைத்தாள்.

"என்ன இனிப்புப் போட்டிருக்கு?" என்றார் ராஜா.

ஆவுடையப்பர் முன்னால் வந்தார். "கோமு யோசிச்ச இனிப்பு மூணும் தோத்துப்போச்சு, மகாராஜா. இது தாங்களே நேத்துச் சொன்ன யோசனை. வார்த்தை பிசகாம நடந்திருக்கு."

"என் யோசனையா?" ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா. முதல்ல வைத்தியர் ருசி பாக்கிறதுதானே முறை. பண்டிதர் பாத்துச் சொல்லட்டும்."

பண்டிதர் சிமிழைப் பார்க்கவில்லை. ராஜாவின் முகத்தைப் பார்த்தார். அங்கே பெருமை பொங்கியது. பண்டிதர் மெழுகை விரலால் தொட்டு உதட்டில் பூசி, நாக்கால் தடவினார். அவர் காது சிவந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"எப்படி ஓய் இருக்கு?"

"அமிர்தம், மகாராஜா! தேனெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. ஆனந்தக் கண்ணீரே வந்துட்டுது."

"அவ்வளவு இனிப்பா?"

"வேற யாருக்குத் தோணும் இப்படி ஒரு யோசனை!"

"இன்னும் ஒரு தரம் பாரும், பண்டிதரே. அவசரம் இல்லை" என்றார் ஆவுடையப்பர்.

"வேண்டாம், வேண்டாம்! மகாராஜாவுக்கு மிச்சம் வேணுமே!"

ராஜா சிமிழை ஆசையோடு வாங்கி அப்பிக்கொண்டார். நாக்கை நீட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நக்கினார். நான் விசிறியை நிறுத்திவிட்டேன்.

"தூ! கசக்குதே! வைத்தியரே, இனிக்குதுன்னீரே!"

பண்டிதர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஆவுடையப்பர் கை கூப்பினார். "இனிச்சது நெசம்தான், மகாராஜா. பண்டிதர் உதட்டோட நின்னுபோச்சு, நாக்குக்குப் போகலை. தாங்கள் கேட்டது அந்த இனிப்புத்தானே?"

ராஜா பண்டிதரைப் பார்த்தார். சிமிழைப் பார்த்தார். பிறகு சிரித்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஆவுடையப்பருக்குப் போர்த்தினார்.

"கோமு இங்கேயே இருக்கட்டும். பண்டிதர் தினமும் காலையில எனக்கு முன்னாடி ருசி பாத்து, இனிப்பு எப்படின்னு சொல்லணும்" என்றார்.

பண்டிதர் தினமும் அமிர்தம் என்றே சொன்னார். கசப்புக்குப் பயந்து ராஜா நாக்கை உள்ளேயே வைத்துக்கொண்டார். சம்பந்தம் பேச ஆட்கள் வந்த அன்று பல் தெரியச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கோமு முப்பத்தொரு வருஷம் இங்கே இருந்தாள். எங்கள் ஊரில் உதட்டு மெழுகுக்கு இன்றும் நிலவேம்புதான் போடுகிறார்கள்.