காலியாக விட்ட கட்டம்

தணிகாசலம் இருபது வருடம் கிராமத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் கட்டியும் பார்த்த டாக்டர். ஐம்பது வயதுக்கு மேல் மனநல வைத்தியம் கற்க நகரத்துக்கு வந்தார். கற்றுக்கொடுத்த மெஹ்ருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஒரு நாள் காலையில் பூங்காவனத்தை அழைத்து வந்தார்கள். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். ஐந்து நாளாகத் தூக்கமில்லை. வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. சிரித்தாள், அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே தேம்பித் தேம்பி அழுதாள். கிணற்றில் இறங்கு என்று காதோரம் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம்.

தணிகாசலம் ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். நோயின் பெயருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

"தெரியலையா சார்?" என்றார் மெஹ்ருன்னிசா.

"தெரியுது மேடம். பைபோலார். கடுமையானது. மன எழுச்சியும் சோர்வும் ஒண்ணா வந்திருக்கு, இல்லாத குரலும் கேக்குது. ஆனா அந்தம்மா புருஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறார். நரம்புத் தளர்ச்சின்னு போடுங்க, இல்லேன்னா வேலை போயிடும்ங்கறார். இவ்வளவு பெரிய பேரை அவங்க தலையில ஏத்தணுமா?"

"ஆபீசுக்குக் கொடுக்கற சீட்டுல ஓய்வு வேணும்னு எழுதினா போதும். இது நாம வைத்தியம் பார்க்கற சீட்டு."

அப்போதும் அவர் பேனாவைத் திறக்கவில்லை.

கணவர் கொண்டுவந்திருந்த பையிலிருந்து மூன்று பழைய சீட்டுகளை எடுத்துத் தணிகாசலத்தின் முன்னே வைத்தார் மெஹ்ருன்னிசா.

"படிங்க."

மூன்றிலும் நரம்புத் தளர்ச்சி. மூன்றிலும் சோர்வுக்கான மாத்திரை மட்டும். ஒவ்வொரு தடவையும் அதைத் தின்ற சில வாரத்தில் அவள் தூக்கத்தை இழந்து வீட்டை விட்டு ஓடியிருக்கிறாள். அதைக் கணவர் சொல்லச் சொல்ல, இன்று காலையில் தணிகாசலமே எழுதியிருந்தார்.

மூன்றாவது சீட்டு அவர் வேலை பார்த்த கிராமத்து ஆஸ்பத்திரியுடையது; எப்போதோ கூட்டத்தில் பார்த்து மறந்த நோயாளிக்கு அவரே போட்ட கையெழுத்து அதில் இருந்தது.

"நல்ல மனசோடதான் எழுதினேன் மேடம்."

"இதையெல்லாம் எழுதின மூணு டாக்டருமே நல்லவங்கதான் சார்."

தணிகாசலம் கட்டத்தை நிரப்பினார். ஒரு சொல்லையும் விடவில்லை. மருந்து மாறியது.

மூன்று வாரம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு பூங்காவனம் கேட்டாள்: "சார், எனக்கு என்னன்னு எழுதியிருக்கீங்க?"

அவர் மெஹ்ருன்னிசாவைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறாங்க."

முழுப் பெயரையும் படித்து, மெதுவாக விளக்கிச் சொன்னார். அவள் சீட்டை வாங்கி அந்தப் பெயரின் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுக்கெல்லாம் பேர் இருக்கா? உலகத்துல நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சேன். அப்ப எனக்கு முன்னாடியும் யாருக்கோ வந்திருக்கு. அவங்கல்லாம் இப்ப எங்க மேடம்?"

"ஒருத்தர் நேத்து வந்தார்" என்றார் மெஹ்ருன்னிசா. "பேர் சொல்ல மாட்டேன். தன் மக கல்யாணத்துக்கு நான் வரலேன்னா மாத்திரை வாங்க இந்தப் பக்கமே வரமாட்டேன்னு என்னை மிரட்டிட்டுப் போயிருக்கார்."