மனசு கஷ்டப்படாத லேப்டாப்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் மூன்று அறிவாளிகள் பில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவன் மருதாசலம், இன்னொருவன் ஜெபராஜ், மூன்றாவது அறிவாளி நான். என் நாற்காலி ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது. இருபது வருஷ சர்வீஸில் நான் சம்பாதித்த ஒரே சொத்து அந்த இடம்தான்.

அடுத்த மாதத்திலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்துக்கு மாறுகிறது, கற்றுக்கொள்ளாதவர்கள் கோடவுனில் பண்டல் கட்டலாம் என்று மேனேஜர் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். கோடவுனுக்குத் தகரக் கூரை. எனக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

கம்பெனிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தண்டபாணி சார்தான் எங்களுக்கு வாத்தியார்.

"புதுசெல்லாம் வேண்டாமுங்க," என்றார். "மூணு பேருமாச் சேந்து பழைய லேப்டாப் ஒண்ணு கம்மி விலைல எடுங்க. கெட்டுப்போனாலும் உங்க மனசு கஷ்டப்படக் கூடாது. அப்பத்தான் பயமில்லாம நோண்டிப் பாத்துக் கத்துக்க முடியும். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பழைய சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் நல்லதாக ஒன்றை எடுத்துக் காட்டினார். மூவரும் நெஞ்சில் கை வைத்து, அது கெட்டுப்போனதாக நினைத்துப் பார்த்தோம்.

"எனக்கு வலிக்குதுப்பா," என்றான் ஜெபராஜ்.

"எனக்குந்தான்," என்றேன்.

அடுத்ததில் இரண்டு எழுத்துக் கட்டைகள் இல்லை. மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம், இப்பவே இப்படி. இன்னும் கெட்டா நான் தாங்க மாட்டேன்."

பதினான்கு லேப்டாப்களுக்கு நெஞ்சில் கை வைத்தோம். கடைக்காரர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "ஏனுங்க, நீங்க வாங்க வந்தீங்களா, துக்கம் கேக்க வந்தீங்களா?" என்றார்.

பதினைந்தாவது, மூலையில் கிடந்தது. செங்கல் கனம், மூடியில் யாரோ மாவு பிசைந்த அடையாளம். கை வைத்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

மருதாசலம் அதை மடியில் வைத்துக்கொண்டான். கண்டக்டர் வந்ததும், ஜெபராஜ் அதன் அடியிலிருந்த வருஷத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "மூணு முழு டிக்கெட், ஒரு அரை. இதுக்குப் பதினொரு வயசு," என்றான். கண்டக்டர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மூன்று டிக்கெட் மட்டும் கிழித்தார். அவ்வளவு நல்ல மனுஷர்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. மடியில் வைத்ததில் பாசம் வந்துவிட்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் மருதாசலம் அதற்கு வெயில் படாமல் துண்டு போர்த்தினான். நான் ஒரு பொட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் வீட்டுக்குத் தண்டபாணி சார் வந்தார். தன் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். பக்கத்தில் லினக்ஸ் ஏற்றுவதற்கான ஒரு பென் டிரைவையும் வைத்தார். அதற்குள் போன் அடித்தது.

"நான் பேசிட்டு வர்றேன். பென் டிரைவைச் சொருகி ஆன் பண்ணுங்க. அது கேக்கறதுக்கெல்லாம் சரின்னு அமுக்கிட்டே வாங்க," என்று வெளியே போனார்.

நாங்கள் கட்டிலைப் பார்த்தோம். எங்கள் லேப்டாப் போர்வைக்குள் இருந்தது.

"அது கெட்டுப்போனா மனசு கஷ்டப்படுமே," என்றேன்.

"கஷ்டப்பட்டா அதுல கத்துக்கக் கூடாதுன்னு சாரே சொன்னாரு," என்றான் ஜெபராஜ்.

மருதாசலம் சாருடைய லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்தான். நாங்களும் வைத்தோம்.

"இது கெட்டா?"

"எனக்கு ஒண்ணுமே இல்லீப்பா."

"எனக்கும்."

பென் டிரைவைச் சொருகினோம். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று அது கேட்டது. சரி என்று அமுக்கினோம். பயமே இல்லை. சார் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் புரிந்தது.

சார் திரும்பி வந்தபோது அவருடைய எட்டு வருஷ வேலை அதில் இல்லை. தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருதாசலம் என் காதில் சொன்னான்: "பாரு, எப்படிக் கஷ்டப்படறாரு. இவரும் பழசா ஒண்ணு வாங்கியிருக்கலாம்."

சார் மேனேஜரிடம் என்ன சொன்னாரோ, இப்போது மூவரும் கோடவுனில் பண்டல் கட்டுகிறோம். உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கிறது. இருப்பது ஒரே ஒரு டேபிள் ஃபேன். சூடானால் லேப்டாப்புக்கு ஆகாது என்று ஜெபராஜ் எங்கேயோ கேட்டுவிட்டு வந்ததிலிருந்து, அந்த ஃபேனை எங்கள் லேப்டாப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். இத்தனைக்கும் அந்த லேப்டாப்பை இன்னும் ஒரு தடவைகூட ஆன் பண்ணவில்லை.