பரிசலில் படித்தவள்

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரை நாடு ஒன்றை முத்தரசன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அரண்மனைச் சத்திரத்தை நடத்த ஆள் தேவைப்பட்டது. பரிசல்காரர் மாரப்பனின் மகள் பாவாயி வந்து நின்றாள். பள்ளிக்கூடம் போகாதவள். எழுத்தும் கணக்கும் பரிசலில் வைத்தே அப்பன் சொல்லிக்கொடுத்தது. இப்போது பரிசலும் ஓட்டை, அப்பனுக்குத் தோளும் போயிற்று. இந்த வேலை இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

பள்ளித் தலைவர் பஞ்சநாதருக்குப் பொறுக்கவில்லை. தம் மாணவன் திருமேனியை அங்கே உட்கார்த்த நினைத்திருந்தார்.

“மகாராஜா, வீட்டில் படித்த பிள்ளைக்கு மனிதரோடு பழகத் தெரியுமா? நாலு பேர் வந்தால் தூணுக்குப் பின்னால் ஒளியும்.”

“அதுவும் சரிதான்” என்றான் ராஜா.

மந்திரி தாண்டவராயர் தொண்டையைச் செருமினார். “பார்த்துவிடலாமே. இருவரும் ஆளுக்குப் பத்துப் பேரைச் சாயங்காலத்துக்குள் கூட்டி வரட்டும். காசு, சோறு, ராஜா பேர், மூன்றையும் சொல்லி அழைக்கக் கூடாது.”

சாயங்காலம் திருமேனி வந்தான். பின்னால் பத்துப் பையன்கள். ஒரே வகுப்பு, ஒரே வயது.

பாவாயியோடு மீன்காரி வந்தாள், கைக்குழந்தைக்காரி வந்தாள், காது கேளாத கிழவர் வந்தார், வெளியூர் வளையல் செட்டி வந்தார். இன்னும் யார் யாரோ. கடைசியாக ஓர் அம்மாள். பஞ்சநாதர் முகம் வெளுத்தது. அவருடைய மாமியார். நாலு வருஷமாக மருமகன் வாசலை மிதிக்காதவர்.

“இவரை எப்படியம்மா வரவழைத்தாய்?” என்றான் ராஜா.

“வாராவாரம் எங்கள் பரிசலில் கோயிலுக்குப் போனவர், சாமி. மருமகனைப் பற்றிக் குறை சொல்ல ஓர் இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்றேன். எனக்கு முன்னால் நடந்தார்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேலை பாவாயிக்கு.

அதற்குள் பையன்கள் முற்றத்தில் ஓடிப்பிடித்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். பாவாயி கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“நீ ஆடியதில்லையா?” என்றார் மந்திரி.

“பரிசலில் ஓட இடம் ஏது, ஐயா?”

ராஜா யோசித்தான். அபூர்வம்தான்.

“பாவாயி, சாயங்காலத்தில் நீ போய் இவர்களோடு ஆடு. பஞ்சநாதரே, வாரம் ஒரு நாள் உம் பிள்ளைகள் அரண்மனைப் பரிசலேறி ஊராரோடு பழகட்டும். முதலில் நீர் பழகும். நாளைக்கு நீரும் உம் மாமியாரும்.”

“மகாராஜா, நடு ஆற்றில் இறங்கக்கூட முடியாதே.”

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார். “ஆறும் நல்ல அகலம்” என்றார்.