கருப்பே இல்லாத குடம்

சாலிகிராமத்து கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ ஒன்றில் லைட்டிங் பழக வந்த குணவதிக்கு வயது நாற்பத்திரண்டு, படிப்பு எட்டாவது. விளம்பரத்துக்காகக் கம்ப்யூட்டரிலேயே ஒரு எவர்சில்வர் குடம் செய்து, இரண்டு பக்கமும் கருப்புப் பலகை நிறுத்தி, ரெண்டர் போட்டு முழுப் படமாக்கினாள். பலகைகள் கருப்புக் கோடுகளாகப் பிரதிபலிக்க, குடம் பளபளவென்று மின்னியது.

பாத்திரக் கம்பெனி முதலாளி சிங்காரவேலர் வந்து பார்த்தார். சாயம் பூசிய மீசை துடித்தது.

"என் குடத்துல கருப்புக் கோடா? பொட்டுக் கருப்பு இருக்கக் கூடாது, மினுமினுப்பும் குறையக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா இந்தம்மாவை வீட்டுக்கு அனுப்புங்க!"

கருப்பை எடுத்தால் குடம் வெள்ளை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். ஸ்டுடியோக்காரர் கையைப் பிசைந்தார்.

"எடுத்துடறேன் சார்," என்றாள் குணவதி. "கருப்பே இல்லாத நிஜக் குடம் ஒண்ணு காட்டுங்க. அதைப் பார்த்தே செஞ்சிடறேன்."

காரிலிருந்து புதுக் குடம் வந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். நடுவில் கருப்பாக ஒரு தீற்றல். துண்டால் துடைத்தார், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அவர் அசைந்தால் அதுவும் அசைந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."

நின்றார். கருப்பு போய்விட்டது. குடமும் வெள்ளைச் சுவரைக் காட்டிக்கொண்டு வெளிறிப்போய் நின்றது.

"அது உங்க மீசை சார். தினம் பாத்திரம் தேய்க்கிறவ நான், எனக்குத் தெரியாதா? எதிர்ல கருப்பு இருந்தாத்தான் எவர்சில்வர் மின்னும். படத்துலயும் அதுக்குத்தான் வச்சேன். எடுத்துடவா?"

சிரிப்பு வெளியே வராமல் ஸ்டுடியோவே வாயைப் பொத்திக்கொண்டது. முதலாளி படத்தையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்து, மீசையைத் தடவினார்.

"இருக்கட்டும்மா," என்றார். "அந்தக் கோட்டு நுனியை மட்டும் கொஞ்சம் முறுக்கி விடு."