ஓரமா இருக்கட்டும்

ஒரு பால் பண்ணையில் மாரப்பன் என்று ஒருவர் இருந்தார். மீசை நரைத்த பிறகு சீடரானவர். குருவின் பெயர் கோகிலவாணி. குருவுக்குச் சீடருடைய மகள் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டரில் வந்து இறங்குவார்.

மாரப்பன் ஒன்றும் தெரியாதவர் இல்லை. பண்ணையின் சர்வர் மெஷினை வாங்கி இறக்கிய நாளிலிருந்து தூசி தட்டி, ஃபேன் மாற்றி, பிள்ளை மாதிரி வளர்த்தவர். எந்த ஊரில் யார் எவ்வளவு பால் ஊற்றினார்கள் என்பதெல்லாம் அந்த மெஷினுக்குள்தான் இருந்தது. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. உதிரி பாகம் எங்கேயும் கிடைப்பதில்லை. ஃபேன் சுற்றினால் முனகல் கேட்டது.

நிர்வாகம் ஒரு புது ஏற்பாட்டுக்கு வந்தது. ஒரே ஒரு பெரிய மெஷின். அதற்குள் பல மெஷின்கள் உடம்பில்லாமல் குடியிருக்கும். பழைய சர்வருக்குள் இருப்பதை அப்படியே நகலெடுத்து அங்கே எழுப்ப வேண்டும். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தார்கள் என்பார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். தாடி மட்டும் வேண்டியதில்லை.

இந்த வித்தைக்காகத்தான் கோகிலவாணியை வேலைக்கு எடுத்தார்கள். அவர் வந்த அன்றைக்கே மாரப்பன் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு முன்னால் போய் நின்று, தனக்கும் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டார். கோகிலவாணி பதறி எழுந்தார். பிறகு சிரித்துவிட்டு, தட்டிலிருந்த வாழைப்பழத்தை உரித்துப் பாதியை அவரிடம் கொடுத்தார். பாடம் அப்படித்தான் தொடங்கியது.

குருவின் அறையில் ஒரே ஒரு நாற்காலி. புது மெஷினைக் கவனிக்கும் திரைக்கு முன்னால் அது கிடந்தது. சீடர் ஒரு பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

கடைசியில் சர்வரை மாற்றும் வேலையை கோகிலவாணி அவரிடமே விட்டார். முதல் முறை தோற்றது. அடுத்த முறையும் தோற்றது. மேலாளர் கூப்பிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆகவில்லை என்றால் வெளியாட்களிடம் கொடுத்துவிடுவோம், நீங்கள் தீவனக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாகவே சொன்னார்.

பிண்ணாக்கு வாசனையில் மாரப்பனுக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் மெஷின் இல்லாத இடத்தில் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. பயம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, காலைப் பால் முடிந்து மாலைப் பால் லாரி வருவதற்கு இடையில், மாரப்பன் மறுபடியும் நகலெடுத்தார். புது மெஷின் எழுந்தது. பால் கணக்குத் திரை பளிச்சென்று வந்தது. நெட்வொர்க்கில் சேர்த்தார். உடனே படுத்துக்கொண்டது. இதே முகவரியில் இன்னொரு மெஷின் இருக்கிறது என்றது. நெட்வொர்க்கில் ஒரு முகவரிக்கு ஒரு மெஷின்தான் இருக்க முடியும்.

முன்பும் இதையேதான் சொன்னது. அப்போதெல்லாம் நகலில் பிழை என்று நினைத்து நகலையே திரும்பத் திரும்ப எடுத்தார். இந்த முறை அவருக்கு ரோசம் வந்துவிட்டது. முகவரியைத் திருடியவனைப் பிடித்தே தீருவது என்று கிளம்பினார்.

ஆய்வுக்கூடத்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். கேன்டீன் பில் மெஷினைப் பார்த்தார். வாசலில் இருந்த கேமராவைக்கூட விடவில்லை. எல்லாம் தத்தம் முகவரியில் சாதுவாக இருந்தன. களவு போனது என்ன என்று தெரியாமலேயே காவலாளியும் கூடச் சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினார்.

வியர்த்து வழிய மாரப்பன் குருவிடம் வந்து நின்றார்.

"எல்லாம் பார்த்தாச்சுங்களா அண்ணா?"

"ஒண்ணும் விடலீங்க அம்மணி."

"பழைய மெஷின்?"

"அதுங்களா? அது பாட்டுக்கு ஓரமா இருக்குதுங்க."

"ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. புதுசு நடக்கப் பழகற வரைக்கும் இருக்கட்டும்னு விட்டிருக்கறேன். ஆனா, இன்னொரு மெஷினுன்னு அதை எப்படிங்க சொல்றது? அதுவேதானுங்களே இது?"

கோகிலவாணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அலைஞ்சு களைச்சிருக்கறீங்க. உட்காருங்க அண்ணா."

மாரப்பன் கேனைப் பக்கத்தில் இழுத்தார்.

"அதுல இல்லீங்க. இந்த நாற்காலியில."

மாரப்பன் காத்திருந்தார். குரு எழுந்திருக்கும் வழியாகத் தெரியவில்லை.

"எப்படிங்க அம்மணி? நீங்க இருக்கறீங்களே."

"நான் பாட்டுக்கு ஓரமாத்தானுங்களே இருக்கறேன்."

மாரப்பன் நாற்காலியைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். பண்ணை முழுக்கத் தேடிய திருடனுக்குத் தானே இடம் கொடுத்து வைத்திருந்தது அப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

பிறகு மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். வந்த நாளிலிருந்து அந்த மெஷினை முழுசாக நிறுத்தியதே இல்லை. ஆயுத பூஜைக்குக்கூட அது ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் பொட்டு வைப்பார். இந்த வயதில் நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"புதுசு எந்திரிச்சுதுங்களா?"

"எந்திரிச்சுதுங்க."

"கணக்கெல்லாம் சரியா இருந்துதுங்களா?"

"ஒண்ணும் குறையலீங்க."

"அப்புறம் பழசு எதுக்குங்க எந்திரிக்கோணும்?"

மாரப்பன் பழைய அறைக்குப் போனார். விளக்கை அணை என்று அவர் வீட்டில் யாரும் சொல்வதில்லை, குளிர வை என்றுதான் சொல்வார்கள். அவரும் மெஷின்மேல் கையை வைத்து, குளிர்ந்துக்கோ சாமி என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். முனகல் மெல்லத் தேய்ந்து நின்றது. வெளியே வேப்பமரத்தில் கிளிகள் கத்துவது கேட்டது. இத்தனை வருடமும் அங்கே கிளிகள் இருந்ததே அவருக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன வருடத்துச் சந்தனம் மெஷினில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு குருவின் அறைக்கு வந்தார்.

புது மெஷினை எழுப்பி நெட்வொர்க்கில் சேர்த்தார். இந்த முறை அது நின்றது. மாலை லாரி உள்ளே திரும்பும் சத்தம் கேட்டது. முதல் ஊரின் பால் கணக்கு திரையில் ஏறியது, அடுத்த ஊருடையதும் ஏறியது. காவலாளி எட்டிப் பார்த்து, ஆள் பிடிபட்டானா என்று விசாரித்தார். பிடித்து அனுப்பியாயிற்று என்றார் மாரப்பன்.

மேலாளருக்குச் செய்தி போனது. தீவனக் கிடங்குப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனாலும் மாரப்பன் கேனில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"என்னங்கண்ணா?"

"அந்த ரூமுல இனி ஒண்ணுமே இல்லீங்க அம்மணி. நான் இனி எங்கீங்க இருக்கறது?"

கோகிலவாணி நாற்காலியை விட்டு எழுந்தார். கவிழ்த்துப் போட்டிருந்த பால் கேனில் போய் உட்கார்ந்தார்.

"இப்ப உட்காருங்க அண்ணா."